பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் விவாகரத்து ஆகிவிடுமா?

கோயமுத்தூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் புருஷன் பெண்டாட்டி பிரிந்தால், அந்த விஷயம் கோர்ட்டுக்கு வருவதற்குள் ஏழெட்டுத் திண்ணைகளைத் தாண்டிவிடும். முதலில் மாமன் மச்சான் பேச்சு. அப்புறம் ஊர்ப் பெரியவர்கள், அதற்கப்புறம் கட்சிக்காரர் ஒருவர், நடுவில் மகளிர் காவல் நிலையம். கடைசியில் நூறு ரூபாய்ப் பத்திரம் ஒன்றை வாங்கி, "இனிமேல் இருவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, நகையும் பணமும் கைமாறியதும் "அத்து உட்டாச்சுங்க", அதாவது உறவை அறுத்துவிட்டாச்சு, என்று எழுந்து போய்விடுவார்கள்.

சட்டத்தைக் கேட்டால், அன்றைக்குச் சாயங்காலமும் அவர்கள் கணவன் மனைவிதான்.

அந்தப் பத்திரம் பணம் கொடுத்ததற்குச் சாட்சியாகலாம். எந்தத் தேதியிலிருந்து பிரிந்திருக்கிறார்கள் என்று காட்டவும் உதவும். திருமணத்தை முறிக்கும் வலு அதற்குக் கிடையாது. நோட்டரி முத்திரை குத்தினாலும் கிடையாது, மகளிர் காவல் நிலையத்தில் எழுதி வாங்கினாலும் கிடையாது. போலீஸ் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது புகார் வந்ததற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். இந்தப் பத்திரத்தை நம்பிப் பையனுக்கு வேறு பெண் பார்த்துக் கட்டி வைத்தால், இந்து திருமணச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி அந்தக் கல்யாணம் செல்லாது. முதல் மனைவி வழக்குப் போட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 82-ஆம் பிரிவில், அதாவது பழைய இ.பி.கோ. 494-இல், ஏழு ஆண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது.

இதில் பெரிய அடி விழுவது இரண்டாவதாக வந்த பெண்ணுக்கு. பல வருஷம் குடும்பம் நடத்தி, கணவர் இறந்த பிறகு வாரிசுச் சான்று கேட்டுத் தாலுகா ஆபீஸ் போகும்போதுதான் மனைவி என்ற இடத்தில் வேறொருத்தி பெயர் வந்து நிற்கும். அவளுடைய பிள்ளைகளை இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு முறையான பிள்ளைகளாகவே ஏற்றுக்கொள்கிறது. அவளுக்கு மனைவி என்ற உரிமை வராது.

"எங்க ஜாதியில அத்து உடற வழக்கம் காலங்காலமா இருக்குதுங்களே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதே சட்டத்தின் 29(2) பிரிவு, வழக்கப்படியான மணமுறிவுக்கு ஒரு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் அந்தச் சமூகத்தில் நெடுங்காலமாக, இடைவிடாமல், இன்ன முறையில் இருந்தது என்பதைச் சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். நாலு பெரியவர்கள் வந்து "ஆமாங்க, இருக்குது" என்றால் போதாது. நிரூபிக்க முடியாமல் தோற்றவர்களே அதிகம் என்பதால், இந்தக் கதவை நம்பி யாரும் இரண்டாம் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

முஸ்லிம் குடும்பங்களிலும் இதே மாதிரி ஒரு குழப்பம் இருக்கிறது. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. 2019-இல் வந்த சட்டம் அதைக் குற்றமாகவே ஆக்கியது. மனைவி கேட்டுப் பெறும் குலாவுக்கு ஷரியத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்பு தரும் சான்றிதழ் செல்லாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது.

சரி, எந்தச் சட்டத்தின் கீழ் போவது? தமிழ்நாட்டு விவாகரத்துச் சட்டம் என்று தனியாக ஒன்று கிடையாது. திருமணமும் மணமுறிவும் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் இருப்பவை. மத்திய அரசும் மாநிலமும் இரண்டுமே சட்டம் இயற்றலாம். அடிப்படைச் சட்டங்கள் எல்லாம் மத்தியச் சட்டங்கள்தான். இந்துக்களுக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் (சமணர், பௌத்தர், சீக்கியருக்கும் அதுவே), கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம், முஸ்லிம் பெண்களுக்கு 1939-ஆம் ஆண்டுச் சட்டம், மதம் மாறாமல் பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். இரண்டு பேரும் இந்து, ஜாதி மட்டும் வேறு என்றால் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.

மாநிலம் தன் கையால் சேர்த்தவற்றில் நமக்கு முக்கியமானது அந்த 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஏ பிரிவு. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றத்தில் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டத் திருத்தம் அது. மாலை மாற்றியோ, மோதிரம் போட்டோ, தாலி கட்டியோ, புரோகிதர் இல்லாமல் செய்துகொண்ட கல்யாணம் செல்லும் என்கிறது. பெரியார் பிறந்த ஈரோட்டுப் பக்கத்தில் அப்படிக் கல்யாணம் செய்த தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள்.

இங்கே இன்னொரு சந்தேகமும் வரும். கொங்குக் கல்யாணத்தில் அருமைக்காரர் என்ற பெரியவர் முன்னின்று சீர் செய்து நடத்தி வைத்திருப்பார். அக்கினி வலம், ஏழடி எதுவும் இருந்திருக்காது. விவாகரத்து வழக்கில் எதிர்த்தரப்பு திடீரென்று "கல்யாணமே முறைப்படி நடக்கவில்லை" என்று கிளப்பும். 7-ஆம் பிரிவு, மணமக்களில் ஒருவர் தரப்பின் வழக்கச் சடங்குப்படி நடந்தாலே போதும் என்கிறது. அருமைக்காரர் நடத்திய கல்யாணம் முழுசான கல்யாணம்தான். பத்திரிகையும் போட்டோவும் சாட்சிக்கு ஒரு பெரியப்பாவும் இருந்தால் அந்தக் கேள்வி அடங்கிவிடும். திருமணப் பதிவு தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமானது. பதியாமல் விட்டிருந்தாலும் வழக்குப் போடத் தடையில்லை.

இனி வழிகள். இருவரும் ஒத்துப்போய்ப் பிரிவது ஒன்று, ஒருவர் கேட்டு மற்றவர் எதிர்ப்பது இன்னொன்று.

ஒத்துப்போவதற்கு இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு. குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து வாழ்வது என்றால் தனித்தனி வீடு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரே கூரைக்கடியில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் போதும். இருவரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். அதன் பிறகு ஆறு மாதம் பொறுக்க வேண்டும். யோசித்துப் பார்க்கத்தான் அந்த அவகாசம். ஆறு மாதத்துக்கு மேல், பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி இருவரும் வந்து "மாறவில்லைங்க" என்றால் நீதிபதி விசாரித்துவிட்டுத் தீர்ப்பளிப்பார். ஏற்கெனவே ஒன்றரை வருஷத்துக்கு மேல் பிரிந்திருந்து, சமரசம் தோற்று, ஜீவனாம்சமும் குழந்தை விஷயமும் முடிந்துபோயிருந்தால், அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லியிருக்கிறது. அதற்குத் தனி மனு போட வேண்டும், தானாகக் கிடைக்காது.

இந்த வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. தீர்ப்பு வரும் வரை இருவரில் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். முதல் கையெழுத்தன்றே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, ஆறாவது மாதம் எதிர்த்தரப்பு வராததால் அல்லாடுகிற குடும்பங்கள் உண்டு. மறுபுறம், பணம் வரும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு நிற்கும் பெண்களும் உண்டு. பாதியை மனு போடும்போது, பாதியைக் கடைசி நாள் நீதிபதி முன்னிலையில் டிடியாக, என்று வக்கீல்கள் பிரித்து வைப்பதற்குக் காரணம் இதுதான். கைப்பணமாகக் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள்.

தை மாதம் கல்யாணம், ஆடிச் சீருக்குத் தாய்வீடு வந்த பெண் திரும்பப் போகவில்லை. இரண்டு வீடும் உடனே பிரித்துவிட நினைக்கிறது. முடியாது. கல்யாணமாகி ஓராண்டு ஆகாமல் விவாகரத்து மனு போட 14-ஆம் பிரிவு தடை போடுகிறது. தாங்க முடியாத கொடுமை என்றால் மட்டும் நீதிமன்றத்தின் தனி அனுமதி பெற்றுப் போடலாம். அதற்காக அடியும் உதையும் பட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு, குடியிருக்கும் உரிமை, செலவுப் பணம் கேட்க எந்த நாளும் காத்திருக்க வேண்டியதில்லை. 181-க்குப் போன் செய்தாலே வழி சொல்வார்கள்.

எதிர்த்து நடக்கும் வழக்குக்குக் காரணம் வேண்டும். 13-ஆம் பிரிவு வேறொருவரோடு உறவு, கொடுமை, கைவிடுதல், மதமாற்றம், தீராத மனநோய், பரவும் பால்வினை நோய், துறவு, ஏழாண்டாகத் தகவலே இல்லாமை என்று காரணங்களை அடுக்குகிறது. தொழுநோயும் பட்டியலில் இருந்தது. 2019-இல் எடுத்துவிட்டார்கள், நல்ல காரியம். நடைமுறையில் வருவதில் பெரும்பகுதி கொடுமையும் கைவிடுதலும்தான்.

கொடுமை என்றால் என்ன என்று சட்டம் வரையறுக்கவில்லை. கை நீட்டுவது மட்டும் என்று நினைக்க வேண்டாம், மனத்தை நோகடிப்பதும் அதில் சேரும். கொலை வழக்கு மாதிரி துளி சந்தேகமில்லாமல் நிரூபிக்கவும் தேவையில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று நீதிபதிக்குப் பட வேண்டும். ஆனால் மனுவில் "அடிக்கடி கொடுமைப்படுத்தினார், தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று எழுதினால் குறுக்கு விசாரணையில் நிற்காது. எந்தத் தேதி, எந்த வீடு, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேள்வி வரும். அரசு ஆஸ்பத்திரியில் தையல் போட்ட அன்றைய ஓ.பி. சீட்டு ஒன்று, பத்துப் பக்கப் புலம்பலைவிடக் கனமானது. வாட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு எல்லாம் சாட்சியாகப் போகும். கணவன் மனைவிக்குள் ரகசியமாகப் பதிந்த பேச்சையும் ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் சொல்லிவிட்டது. மின்னணுச் சாட்சிக்கு உரிய சான்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பழைய போனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கைவிடுதலுக்கு, மனு போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் தொடர்ச்சியாக, நியாயமான காரணமில்லாமல், மற்றவர் சம்மதமில்லாமல் விலகி இருந்திருக்க வேண்டும். அடி பொறுக்காமல் தாய்வீடு போன பெண்ணைப் பார்த்து "அவதான் என்னை உட்டுட்டுப் போயிட்டா" என்று கணவர் சொல்வது இங்கே எடுபடாது. துரத்தியவர்தான் கைவிட்டவர்.

"ரண்டு பேருக்கும் இனி ஒட்டவே ஒட்டாதுங்க, அது போதாதா?" போதாது. மீட்க முடியாமல் முறிந்துபோன திருமணம் என்பது 13-ஆம் பிரிவில் காரணமாக இல்லை. உச்ச நீதிமன்றம் மட்டும் அரசியலமைப்பின் 142-ஆம் பிரிவு தரும் தனி அதிகாரத்தில் அப்படி விடுவிக்கலாம் என்று 2023-இல் அரசியல் சாசன அமர்வு சொன்னது. கோபி கோர்ட்டிலோ பொள்ளாச்சி கோர்ட்டிலோ அதைக் கேட்க முடியாது.

எந்த ஊர் கோர்ட் என்பதில் பெண்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. கல்யாணம் பவானியில், குடித்தனம் திருப்பூரில், சண்டைக்குப் பிறகு பெண் தாராபுரத்தில் தாய்வீட்டில் இருக்கிறாள் என்று வையுங்கள். கணவர் போட்டால் பவானி, திருப்பூர், அல்லது மனைவி இப்போது இருக்கும் தாராபுரம். மனைவி போட்டால் பவானி, திருப்பூர், கணவர் இப்போது இருக்கும் ஊர் ஆகியவற்றோடு, தான் குடியிருக்கும் தாராபுரத்திலேயே போடலாம். 2003-இல் வந்த திருத்தம் இது. கணவர் தமிழ்நாட்டுக்குள்ளேயே எங்கோ தூரத்தில் முந்திக்கொண்டு வழக்குப் போட்டிருந்தால், தன் ஊருக்கு மாற்றித் தரக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்கு மனு போடலாம். கோவை, ஈரோடு, சேலம், நாமக்கல், திருப்பூர் மாவட்டங்கள் சென்னையின் கீழ் வருகின்றன. கரூர் மதுரைக் கிளையின் கீழ் வருகிறது.

குடும்ப நல நீதிமன்றம் இருக்கும் ஊரில் அங்கேயும், இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றத்திலும் மனு போகும். சப் கோர்ட்டில் இதற்கு எச்.எம்.ஓ.பி., அதாவது இந்து திருமண மூல மனு, என்று நம்பர் விழும். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, ஆதார், பதிந்திருந்தால் பதிவுச் சான்று ஆகியவை போதும். கோர்ட் கட்டணம் சொற்பம், செலவெல்லாம் வக்கீல் ஃபீஸில்தான். மனு எண் பெற்றதும் எதிர்த்தரப்புக்குச் சம்மன் போகும், கோர்ட் ஊழியரான அமீனா வழியாகவும் தபாலிலும். அமீனாவைப் பார்த்ததும் வீட்டைப் பூட்டிக்கொள்வதும், தபாலை வாங்க மறுப்பதும் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிற மாமனார்கள் இங்கே நிறைய. வாங்க மறுத்தாலும் சம்மன் போய்ச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ள முடியும். வராதவர் மீது எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைத் தீர்ப்பு விழும். அதை நீக்கக் கேட்க முப்பது நாள்தான் காலம். சம்மன் நிஜமாகவே வராதிருந்தால் தீர்ப்பு பற்றித் தெரிந்த நாளிலிருந்து அந்த முப்பது நாள்.

இரு தரப்பும் ஆஜரானால் முதலில் கவுன்சலிங், சமரசம். அங்கே பேசியது வழக்கில் உங்களுக்கு எதிராக வராது என்பதால் மனம் விட்டே பேசலாம். ஒத்துவரவில்லை என்றால் எதிர்மனு, முதல் விசாரணைக்குப் பிரமாணப் பத்திரம், குறுக்கு விசாரணை, வாதம், தீர்ப்பு. காகிதத்தில் ஐந்து படி. நடுவில் வாய்தா. காலை பத்தரைக்கு டவாலி பேரைக் கூப்பிடுவார், வக்கீல் உள்ளே போய் இரண்டு வார்த்தை பேசுவார், அடுத்த மாதம் ஒரு தேதி விழும். தோட்ட வேலையை விட்டு மூன்று பஸ் மாறி வந்த அம்மா அதோடு திரும்பிப் போக வேண்டியதுதான். உங்கள் வழக்குக்கென்றே உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டால் இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த தேதியை வீட்டிலிருந்தே பார்க்கலாம். எந்த வாய்தாவுக்கு நேரில் வர வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை வக்கீலிடம் முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன.

விசாரணையைப் பற்றி ஒரு பயம்: எல்லோர் முன்னாலும் மானம் போய்விடும் என்று. 22-ஆம் பிரிவுப்படி விசாரணை மூடிய அறையில்தான். நடந்ததை அச்சிடுவதும் வெளியிடுவதும் தடை.

மனைவி விவாகரத்து கேட்டதும் கணவர் தரப்பு "சேர்ந்து வாழ வேண்டும்" என்று 9-ஆம் பிரிவில் பதில் மனு போடுவது நம் பக்கத்துக் கோர்ட்டுகளில் வாடிக்கை. சிலர் மனசாரப் போடுகிறார்கள். பலர் ஜீவனாம்சத்தைத் தட்டிக்கழிக்கப் போடுகிறார்கள். அதில் உத்தரவு வந்தாலும் யாரையும் கையைப் பிடித்து இழுத்துப் போக முடியாது. ஓராண்டு ஆகியும் சேரவில்லை என்றால் அதையே காரணமாக்கி எவரும் விவாகரத்து கேட்கலாம்.

பணத்துக்கு வருவோம். சொத்தில் பாதி மனைவிக்கு என்று சினிமாவில் கேட்டது இங்கே சட்டம் இல்லை. வழக்கு நடக்கும்போது 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும், முடிவில் 25-ஆம் பிரிவில் நிரந்தர ஜீவனாம்சமும் உண்டு. வருமானம் இல்லாத கணவரும் கேட்கலாம். விவாகரத்து வழக்கே போடாமல் செலவுக்கு மட்டும் கேட்க, புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 144-ஆம் பிரிவு, அதாவது பழைய சட்டத்தின் 125. எவ்வளவு என்பதற்குச் சூத்திரம் கிடையாது. 2020-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும்.

மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளச் சீட்டு பேசிவிடும். நம் ஊரில் சிக்கல் தறி ஓட்டுகிறவர், கோழிப் பண்ணைக்காரர், பத்து ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். "வெவசாயத்துல என்னங்க வருது, கடன்தான் மிச்சம்" என்று கூண்டில் நிற்பார். சிட்டா, அடங்கல், கோழி கம்பெனியிலிருந்து கணக்கில் விழுந்த தொகை, தறிக்கூடத்து மின் கட்டணம், காருக்குக் கட்டும் தவணை ஆகியவற்றைத் தேடிச் சேர்ப்பதுதான் இந்த வழக்கின் பாதி வேலை. சிட்டாவை இணையத்திலேயே யாரும் எடுக்கலாம். நிலம் அப்பா பேரில் இருந்தாலும் பையன் அதில்தான் பாடுபட்டுச் சாப்பிடுகிறான் என்பதைச் சாட்சியோடு சொல்லலாம்.

பெண்ணுக்குப் போட்ட நகை அவளுடைய சீதனம். 1985-இல் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது இது. மாமியார் பீரோவில் இருந்தாலும் அவளுடையதுதான். கேட்டுக் கொடுக்காவிட்டால் நம்பிக்கை மோசடி. சிக்கல் எல்லாம் எத்தனை பவுன் என்பதில் வருகிறது: பெண் வீடு நூறு என்கும், மாப்பிள்ளை வீடு நாற்பது என்கும். நகைக்கடை பில் யார் பேரில் இருக்கிறது, கல்யாண ஆல்பத்தில் கழுத்தில் எது தெரிகிறது, பாங்க் லாக்கரை யார் எந்தத் தேதியில் திறந்தார்கள், இவைதான் பேசும். சீராகக் கொடுத்த காரை மாப்பிள்ளை பேரில் பதிந்துவிட்டு, பிறகு கண்ணீர் விடுகிற மாமனார்களைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. வரதட்சணை கொடுப்பதே குற்றம் என்பது தனிக் கதை; அன்பளிப்புக்குக்கூட இருவர் கையெழுத்தோடு பட்டியல் வைக்க வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. எத்தனை வீட்டில் வைக்கிறார்கள்?

குழந்தை விஷயத்தில் ஐந்து வயதுக்குட்பட்டால் சாதாரணமாகத் தாயிடம். அதற்கு மேல் குழந்தையின் நலன் எது என்பதைப் பார்த்து முடிவெடுப்பார்கள். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் நீதிபதி தனியாகக் கூப்பிட்டுக் கேட்பதும் உண்டு. யாரிடம் இருந்தாலும் மற்றவருக்குப் பார்க்கும் உரிமை உண்டு. அப்பிச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தா, வீட்டில் வளரும் பேரனைச் சனிக்கிழமை அப்பாவிடம் அனுப்பாமல் மறித்தால் அது உத்தரவை மீறுவது, பாசம் என்று சொல்லித் தப்ப முடியாது.

வக்கீலுக்குப் பணமில்லை என்று பெண்கள் ஒதுங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. கோர்ட் வளாகத்திலேயே ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

தீர்ப்பு வந்த அன்றைக்கே அடுத்த முகூர்த்தம் பார்க்கக் கூடாது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்து, மேல்முறையீடு எதுவும் இல்லை அல்லது தள்ளுபடியானது என்றான பிறகே மறுமணம் என்கிறது 15-ஆம் பிரிவு. நகல் மனு போட்டுத் தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட்டிலும் ரேஷன் கார்டிலும் பேரை மாற்றப் போனால் அவர்கள் கேட்பது அதைத்தான். அந்த நூறு ரூபாய்ப் பத்திரத்தை அங்கே யாரும் பார்க்கக்கூட மாட்டார்கள்.